நகையிலிருந்து அச்சம் பிறக்கும் முறை

மைசூரிலிருந்து தெற்கே வரும் சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகும். மற்றது பந்திப்பூரையும் முதுமலையையும் கடந்து கூடலூர், உதகை வழியாகக் கோவைக்குப் போகும். இரண்டும் காட்டுக்குள் நுழையாமல் போக வழியில்லை. வண்டிகளில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க 2009-இல் இரவுத் தடை வந்தது. இரவு 9 மணிக்குச் சோதனைச் சாவடி அடைபட்டால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். ஆம்புலன்சுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் விடியும்வரை இந்த ஊரில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு காரணங்கள் சொல்கிறார். பேயும் தெய்வமும் போல வருத்தும் ஆற்றல்கள், விலங்கு, கள்வர், ஆளும் இறைவன். குண்டலுபேட்டையின் இரவை இந்த இலக்கணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பந்திப்பூரில் புலியும் யானையும் இருப்பதால் விலங்கு இருக்கிறது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் சுட்டுக் கொல்லப்படும்வரை கள்வரும் இருந்தார். இந்த மாவட்டத்துக்காரரான முன்னாள் அமைச்சர் நாகப்பாவை 2002-இல் அவர் கடத்திச் சென்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாவடியில் தடுப்புக் கம்பத்தை இறக்கும் அரசு நான்காவதாகச் சொல்லப்பட்ட இறை. நான்கில் மூன்று இந்த மண்ணிலேயே விளைந்தவை. எஞ்சிய ஒன்றான பேய் மட்டும் வெளியிலிருந்து சினிமாவாக வந்தது. அது பயணம் செய்த திசைகளும் இந்த ஊரின் மூன்று திசைகள்தாம்.

1993-இல் கேரளத்தில் ஃபாசில் 'மணிச்சித்ரதாழ்' எடுத்தார். 2004 ஆகஸ்டில் அது கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆயிற்று. 2005 ஏப்ரலில் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. கன்னடம், தமிழ் இரண்டுக்கும் இயக்குநர் பி. வாசுதான். மலையாளத்திலிருந்து கன்னடத்துக்கும், கன்னடத்திலிருந்து தமிழுக்கும் என்ற அந்த வரிசை கவனிக்க வேண்டியது. தமிழ்ப் பேய்ப்படம் என்று இன்று நாம் சொல்லும் பெரும் வணிகம் சந்திரமுகியின் வெற்றியில் தொடங்கியது. அந்த வெற்றிக்கு முந்தைய படியாக மைசூர்ச் சீமை இருந்தது.

அந்தப் படியைக் கட்டியவர் ஒரு நகைச்சுவை நடிகர். துவாரகீஷ் 1942-இல் மைசூர் மாவட்டத்து ஹுன்சூரில் பிறந்தார். 1964-இல் 'வீர சங்கல்பா' படத்தில் நடிகரானார். குள்ளமான உருவமும் உருளும் விழிகளுமாகக் கன்னடத் திரையைப் பல ஆண்டுகள் சிரிக்க வைத்தார். படத் தயாரிப்பில் இறங்கினார், இயக்கினார். ரஜினிகாந்தும் ஸ்ரீதேவியும் நடித்த 'நான் அடிமை இல்லை' (1986) அவர் இயக்கிய தமிழ்ப் படம். பின்னர் தொடர்ந்து கையைச் சுட்டுக்கொண்டவரை ஆப்தமித்ராதான் தூக்கி நிறுத்தியது. அதன் தயாரிப்பாளர் அவர். அந்தப் படத்தின் நாயகி சௌந்தர்யா அது வெளிவருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன் விமான விபத்தில் இறந்திருந்தார் என்பதும் அரங்குக்கு வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டு சிரிப்பில் உழைத்தவருக்குக் கடைசியில் வாழ்வு கொடுத்தது பேய். இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். நான் தள்ள மாட்டேன். ஏனென்றால் இது ஒரு முறை நடந்ததோடு நிற்கவில்லை. கன்னடத்திலேயே உபேந்திரா 1992-இல் ஜக்கேஷை வைத்து 'தர்லே நன் மக' என்ற நகைச்சுவைப் படத்தோடு இயக்குநரானார். அடுத்த ஆண்டு அவர் எடுத்தது 'ஷ்!' என்ற திகில் படம்.

சிரிக்க வைக்கும் கை பயமுறுத்தும் வேலைக்குப் போவது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை காணத் தமிழில் மிகத் தெளிவான சான்று ஒன்று இருக்கிறது. அவர் பெயர் ராம்பாலா.

அவரிடம் போவதற்கு முன் 1964-க்குப் போக வேண்டும். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷின் பெயர் செல்லப்பா. 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று ஒரு பட நிறுவனம் வைத்திருக்கிறான். படம் மட்டும் இல்லை. பணம் கேட்டு அப்பா டி.எஸ். பாலையாவிடம் ஒரு கதை சொல்கிறான். அது பேய்க்கதை. இருட்டையும் ஓசைகளையும் வரப்போகும் ஏதோ ஒன்றையும் வாயாலும் கையாலும் உண்டாக்குகிறான். கேட்கும் பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறுகிறது. திரையில் பேய் இல்லை, இருட்டு இல்லை, பகட்டான அரங்கம் எதுவும் இல்லை. அப்பாவும் மகனும் நாற்காலியும் மட்டும். அறுபது ஆண்டுகளாகத் தமிழர்கள் இந்தக் காட்சிக்குச் சிரித்து வருகிறார்கள். சிரிப்புக்குக் காரணம் நாகேஷ் என்று பொதுவாகச் சொல்வார்கள். என் கணிப்பில் பாதிக் காரணம் பாலையா. அவர் உண்மையாகவே பயப்படுகிறார். அவர் பயம் கொஞ்சம் நடிப்பாகத் தெரிந்திருந்தாலும் காட்சி அங்கேயே செத்திருக்கும். நகைச்சுவைக்காரன் ஒருவன் பேய்ப்படம் எடுக்கப் புறப்படும் கதை தமிழில் செல்லப்பாவில் தொடங்குகிறது. அவனுக்குப் படம் எடுக்கப் பணம் கிடைக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

விஜய் டிவியில் 2000-களின் முற்பாதியில் தொடங்கிய 'லொள்ளு சபா'வை இயக்கியவர் ராம்பாலா. ஓடிய தமிழ்ப் படங்களை எடுத்து, அவற்றின் கதையையும் வசனத்தையும் இசையையும் குறைந்த செலவில் மறுபடி நடித்துக் காட்டும் நிகழ்ச்சி அது. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர், சேஷு, பாலாஜி என்று ஒரு முழுக் குழு அங்கே தேறியது. யோகி பாபுவும் அங்கே சிறு வேடங்களில் நின்றவர். சந்தானம் 2004-இல் சிலம்பரசனின் 'மன்மதன்' மூலம் சினிமாவுக்குப் போனார்.

இந்த நிகழ்ச்சியை வெறும் கேலி என்று எண்ணுபவர்கள் அதைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்ததில்லை. ஒரு படத்தைக் கேலி செய்ய அதைப் பிரித்துப் போடத் தெரிய வேண்டும். நாயகன் திரும்பிப் பார்க்கும் முன் இசை எத்தனை நொடி முன்னால் தொடங்குகிறது, அம்மா அழும்போது கேமரா எவ்வளவு நெருங்குகிறது, வில்லனை முதலில் காலில் காட்டுவதா கையில் காட்டுவதா என்றெல்லாம் கணக்குத் தெரிய வேண்டும். பார்ப்பவர் எந்த நொடியில் எதை எதிர்பார்ப்பார் என்று தெரிந்தால்தான் அந்த நொடியில் வேறொன்றை வைக்க முடியும். வாரந்தோறும் ஒரு படத்தை இப்படி அறுத்துப் பார்த்தவருக்குக் கிடைத்த பயிற்சி எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் கிடைக்காதது. பயமுறுத்துவதற்கும் தேவையான கணக்கு இதுதான். கதவு திறக்கும் என்று எதிர்பார்க்கும்போது திறக்கக் கூடாது. மூச்சுவிட்டுத் தளர்ந்தபின் திறக்க வேண்டும். நகைச்சுவையிலும் வசனம் முடிந்ததும் உடனே அடி விழுவதில்லை. ஒரு கண இடைவெளி உண்டு. அந்தக் கணத்தின் நீளத்தை அளக்கத் தெரிந்தவர் இரண்டு தொழிலும் செய்யலாம்.

சேஷு என்ற நடிகரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ஒருவர் பெயரைக் கேட்டதுமே, அவர் எவ்வளவு பயங்கரமான ஆள் தெரியுமா என்று அவர் பதறும் லொள்ளு சபாக் காட்சியை இன்றும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறது. அந்தப் பயங்கரமான ஆளைப் பார்க்கும் முன்பே நமக்கு அவரைப் பற்றிய பயம் வந்துவிட வேண்டும். ஆளைக் காட்டாமல் அச்சத்தை மட்டும் காட்டும் கலை அது. பேய்ப்படத்தின் முதல் ஒரு மணி நேரத்துக்கு வேறு இலக்கணம் கிடையாது. சேஷு 2024 மார்ச்சில் மறைந்தார். அவரை வைத்து யாரும் ஒரு முழுப் பேய்ப்படம் எடுக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

2016 ஜூலை 7 அன்று ராம்பாலாவின் 'தில்லுக்கு துட்டு' வந்தது. நாயகன் சந்தானம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சின்னத்திரையில் பிரிந்த இருவரும் பெரிய திரையில் கூடியது பேய் வீட்டில். கதை சிவன் கொண்டை மலை என்ற இடத்துக்குப் போகிறது. பணக்காரப் பெண்ணின் அப்பாவுக்குச் சந்தானம் மாப்பிள்ளையாக வருவது பிடிக்கவில்லை. கல்யாணம் என்று சொல்லிச் சந்தானத்தின் குடும்பத்தை மலைமேல் உள்ள ஒரு பங்களாவுக்கு வரவழைத்து, அங்கே ஆள் வைத்துக் கொன்று, பழியைப் பேய்மேல் போட்டுவிடத் திட்டம். அதற்காகக் கூலிக்கு வரும் ராஜேந்திரனும் ஆட்களும் பேய் போல் வேடம் போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பங்களாவில் உண்மையான பேயும் இருக்கிறது.

இதன் அமைப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் போலிப் பேயும் உண்மைப் பேயும் இருக்கின்றன. போலிப் பேய் என்பது லொள்ளு சபாதான். வேடம், பூச்சு, கயிறு, மறைந்து நிற்கும் ஆள், முன்கூட்டிப் பேசி வைத்த சைகை எல்லாம் அதில் உண்டு. உண்மைப் பேய் என்பது அவர்கள் வாரந்தோறும் கேலி செய்த சினிமா. கேலி செய்தவர்கள் வேடத்தோடு உள்ளே போகிறார்கள். உள்ளே கேலி செய்யப்பட்டது உயிரோடு காத்திருக்கிறது. ராம்பாலா தன் தொழில் வாழ்க்கையையே கதையின் அடித்தளமாகப் போட்டிருக்கிறார். இதை விமர்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. ராஜேந்திரன் தன் ஆள் என்று எண்ணி உண்மைப் பேயோடு பழகும்போது அரங்கம் சிரிக்கிறது. அவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

மறுபடி மெய்ப்பாட்டியலுக்கு வர வேண்டியிருக்கிறது. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் சொல்பவற்றில் இரண்டு இங்கே நமக்கு வேண்டும். ஒன்று எள்ளல், மற்றது பேதைமை. லொள்ளு சபாவின் சிரிப்பு எள்ளலில் பிறந்தது. பிறர் செய்ததை எள்ளி நகைப்பது. தில்லுக்கு துட்டுவின் சிரிப்பு பேதைமையில் பிறந்தது. தன்முன் நிற்பது என்னவென்று அறியாதவனைப் பார்த்துச் சிரிப்பது. ராம்பாலாவின் தொழிற்பயணம் எள்ளலிலிருந்து பேதைமைக்கு வந்த பயணம். இந்த இடமாற்றத்தை நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன். எள்ளல் அச்சத்துக்குப் பகை. எதையும் கேலி செய்பவன் எதற்கும் பயப்பட மாட்டான். பேதைமைக்கும் அச்சத்துக்கும் அப்படிப்பட்ட பகை கிடையாது. வேர் இரண்டுக்கும் ஒன்றே. முன்னால் நிற்பது பேய் என்று அறியாதவனைத் தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பயம் வரும். இயக்குநர் செய்ய வேண்டியது கேமராவைச் சில அடி நகர்த்துவது மட்டுமே.

வடமொழி நாட்டிய சாத்திரம் இதை வேறு வகையில் வகுக்கிறது. சிருங்காரத்திலிருந்து ஹாஸ்யமும் பீபத்சத்திலிருந்து பயானகமும் பிறப்பதாக அது சொல்லும். அந்தக் கணக்கில் சிரிப்புக்கும் பயத்துக்கும் உறவில்லை. தமிழ் இலக்கணம் காரணங்களைத் தனித்தனியே பட்டியலிட்டதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இடம் இருக்கிறது. பேய்ச்சிரிப்புப் படங்களை ஆராய எனக்குத் தொல்காப்பியரே போதுமானவர்.

2019 பிப்ரவரியில் 'தில்லுக்கு துட்டு 2' வந்தது. இந்த முறை பேய் ஒரு பெண்ணுக்குக் காவல். அவளிடம் காதலைச் சொல்பவனை அடித்து நொறுக்கும். சந்தானமும் மாமா ராஜேந்திரனும் அந்தப் பெண்ணின் மந்திரவாதித் தகப்பனைத் தேடிக் கேரளத்துக்குப் போகிறார்கள். மலையாள நாட்டு மாந்திரீகம் என்ற பழைய நம்பிக்கையை வைத்துக் கட்டிய படம். பேயின் விதி தெளிவாக இருப்பதால் சிரிப்பும் தெளிவாக வருகிறது. எதைச் சொன்னால் அடி விழும் என்று நமக்குத் தெரியும், சொல்லப் போகிறவனுக்குத் தெரியாது. பிறகு 2022-இல் சிவாவை வைத்து 'இடியட்' எடுத்தார். அதில் சொல்ல அதிகம் இல்லை.

வழி அங்கே முடியவில்லை. லொள்ளு சபாவிலிருந்தே வந்த எஸ். பிரேம் ஆனந்த் 2023-இல் சந்தானத்தை வைத்து 'டிடி ரிட்டர்ன்ஸ்' எடுத்தார். புதுச்சேரி பங்களா ஒன்றில் பேய்கள் ஆட்டம் நடத்துகின்றன. தோற்றால் சாவு. இதைத் தமிழ்ப் பேய்ச்சிரிப்புப் படங்களில் மிகக் கச்சிதமானது என்று சொல்வேன். விளையாட்டுக்கு விதி உண்டு, வீட்டைவிட்டு ஓட முடியாது, கூட்டம் முழுக்க அறிவிலிகள். 2025 மேயில் அவரே எடுத்த 'டிடி நெக்ஸ்ட் லெவல்' வேறு திசையில் போயிற்று. படங்களைக் கிழித்துத் தொங்கவிடும் விமர்சகனைப் பேயாகிவிட்ட ஓர் இயக்குநர் ஒரு திகில் படத்துக்குள்ளேயே இழுத்துப் போடுகிறார். அந்த இயக்குநராக வருபவர் செல்வராகவன். படத்துக்குள் சிக்கியவன் திகில் படங்களின் விதிகளையெல்லாம் அறிந்தவன். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிறான். அதாவது, எள்ளல் திரும்பி வந்துவிட்டது. எள்ளல் வந்த வழியே அச்சம் வெளியேறிவிட்டது. நான் மேலே சொன்ன இலக்கணத்துக்கு இதைவிட நல்ல எதிர்மறைச் சான்று கிடைக்காது.

இதே பயணத்தை அமெரிக்காவில் செய்தவர்களைப் பார்த்தால் நம் குறை புரியும். ஜோர்டன் பீல் 2012 முதல் 2015 வரை 'கீ அண்ட் பீல்' என்ற துண்டு நகைச்சுவை நிகழ்ச்சியில் இருவரில் ஒருவராக இருந்தார். 2017-இல் 'கெட் அவுட்' எடுத்தார். செலவு சுமார் 45 லட்சம் டாலர், உலக வசூல் 25 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கரும் அவருக்குக் கிடைத்தது. வெள்ளைக்காரக் காதலியின் வீட்டுக்கு விருந்து போகும் கறுப்பின இளைஞனின் கதை. அங்கே எல்லாரும் அன்பாகப் பேசுகிறார்கள். அந்த அன்பின் பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ராஜேந்திரனிடம் சிரிப்பை வரவழைத்த அதே பேதைமைதான். பீல் கேமராவை நகர்த்திப் பக்கத்தில் வைத்தார். சிரிப்புக்கு நாயகனின் நண்பன் ஒருவனை மட்டும் ஒதுக்கி, அவனையும் அந்த வீட்டிலிருந்து தள்ளி வைத்தார்.

இன்னொருவர் சாக் கிரெகர். 'தி வைட்டஸ்ட் கிட்ஸ் யு நோ' என்ற குழுவில் துண்டு நகைச்சுவை செய்தவர். 2022-இல் 'பார்பேரியன்' எடுத்தார். வாடகை வீட்டுக்கு அடியில் ஒரு சுரங்க அறை. அதில் கொடுமை நடந்த தடயங்கள் நமக்குத் தெரியும். வீட்டின் சொந்தக்காரன் வருகிறான், அறையைப் பார்க்கிறான், உடனே அளவு நாடாவை எடுத்துச் சதுர அடி அளக்கத் தொடங்குகிறான். விற்கும்போது கூடுதல் விலை சொல்லலாம் அல்லவா? இருட்டுக்குள் மேலும் மேலும் அளந்துகொண்டே போகிறான். அரங்கம் சிரிக்கிறது, சிரிப்பு அடங்கும் முன்பே கைப்பிடியை இறுக்கிக்கொள்கிறது. நகையும் அச்சமும் ஒரே பேதைமையில் ஒரே நேரத்தில் நிற்பதற்கு நான் பார்த்த அளவில் இதுவே தலைசிறந்த காட்சி. 2025-இல் அவர் எடுத்த 'வெப்பன்ஸ்' நள்ளிரவு 2.17 மணிக்கு ஒரே வகுப்பைச் சேர்ந்த 17 குழந்தைகள் வீட்டைவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது.

சென்னையில் இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. துணிந்து கேட்பவர்கள்தான் இல்லை. தமிழ்ப் பேய்ப்படத்தில் அச்சத்தின் பங்கை வணிகமே நிர்ணயித்துவிட்டது. 2011-இல் 'காஞ்சனா', 2014-இல் 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' ஆகியவை ஓடியதும் பேய் என்பது குடும்பத்தோடு சிரித்துவிட்டு வர ஒரு சாக்கு ஆயிற்று. 2012-இல் 'பீட்சா', 2014-இல் 'பிசாசு', 2015-இல் 'மாயா' வந்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. நகைச்சுவைக்காரரிடம் பேய்ப்படம் கேட்டால் நகைச்சுவையைத்தான் கேட்கிறார்கள். பேய் ஒரு பங்களாவாகவும் பூச்சாகவும் வந்து போகிறது. ராம்பாலாவின் கையில் இருக்கும் திறமையில் பாதியைத்தான் நாம் பயன்படுத்தியிருக்கிறோம்.

குண்டலுபேட்டையைச் சுற்றியுள்ள பூவயல்களில் பாட்டுக் காட்சி எடுக்கக் கன்னடம், தமிழ், மலையாளம் என்று மூன்று மொழிக்காரர்களும் வருகிறார்கள். சூரியகாந்தி பூத்திருக்கும் பருவத்தில் வந்து வெளிச்சம் போவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். இரவு 9 மணிக்கு மேல் இந்த ஊர் என்னவாகிறது என்று இருந்து பார்த்தவர்கள் குறைவு. இரண்டு பக்கமும் காட்டுச் சாலை அடைபட்டிருக்கும். வண்டியிலேயே தூங்கும் மனிதர்களிடம் தமிழும் கன்னடமும் மலையாளமும் கலந்த பேச்சு இருக்கும். விடியும்வரை வெளியேற முடியாது என்பது பேய்ப்படத்தின் முதல் விதி. மற்ற ஊர்களில் அதை உண்டாக்கக் கார் டயர் வெடிக்க வேண்டும், மழை கொட்ட வேண்டும், மலைப்பாதையில் மரம் விழ வேண்டும். இங்கே மாவட்ட நிர்வாகத்தின் ஆணையே போதும். பங்களா தேவையில்லை. வரிசையில் நிற்கும் ஒரு வேனும் அதில் ஒரு குடும்பமும் போதும்.

ஆகவே தமிழ்ப் பட முதலாளிகளுக்கு என் வேண்டுகோள். ராம்பாலாவுக்கு ஒரு படம் கொடுங்கள். பெரிய நாயகன் வேண்டாம், பாட்டு வேண்டாம், கிராஃபிக்ஸ் பேயும் வேண்டாம். லொள்ளு சபாவில் பழகிய நான்கைந்து நடிகர்களை அவரே தேர்ந்துகொள்ளட்டும். முதல் பாதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்க வைக்கட்டும். இடைவேளைக்குப் பின் ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.